ஒரு மடிக்கணினி, ஒரு கைபேசி, கொஞ்சம் பொறுமை: டிசிபி, யுடிபி, க்விக் மூன்றையும் நேரில் பார்த்துக் கற்க ஒரு வழிகாட்டி

பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க்ஸ் பாடத்தை முடித்துவிட்டு சென்னை ஓஎம்ஆர் அலுவலகங்களில் வேலைக்குச் சேரும் இளைஞர்கள் பலருக்கு ஏழு அடுக்குகளின் பெயர்களும் வரிசை பிசகாமல் நினைவிருக்கும். ஆனால் சர்வர் இணைப்பை மறுத்துவிட்டது என்பதற்கும் சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை என்பதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் தயங்குவார்கள். முதலாவது, பாக்கெட் எனப்படும் தகவல் துண்டு போய்ச் சேர்ந்து பதிலும் வந்துவிட்ட நிலை. இரண்டாவது அது போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாத நிலை. இந்த ஒன்றைச் சரியாகப் பிரித்தறியத் தெரிந்தவர், தவறான குழுவிடம் புகார் அனுப்பிவிட்டு அரை நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

டிரான்ஸ்போர்ட் லேயர் எனப்படும் போக்குவரத்து அடுக்கைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கருத்தை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். அதற்குக் கீழே இருக்கும் ஐபி அடுக்கு எந்த உறுதியும் தருவதில்லை. பாக்கெட் வழியில் தொலையலாம், வரிசை மாறி வரலாம், ஒன்றே இரண்டாகவும் வந்து சேரலாம். தொலைந்துவிட்டது என்று யாரும் பொதுவாக வந்து சொல்லமாட்டார்கள். போக்குவரத்து அடுக்கின் நெறிமுறைகளில் ஒன்றான டிசிபி செய்வதெல்லாம், இரண்டு முனைகளிலும் இருந்துகொண்டு, நடுவில் என்ன நடந்திருக்கும் என்பதைப் பதில் வரும் நேரத்தையும் வராத நேரத்தையும் வைத்து ஊகிப்பதுதான். அந்த ஊகங்களை உங்கள் திரையிலேயே பார்க்கும் வழியை இனிச் சொல்கிறேன்.

தயாரிப்பு

வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் நிறுவுங்கள். ஜெரால்டு கோம்ப்ஸ் 1998இல் ஈத்தீரியல் என்ற பெயரில் வெளியிட்ட இது, 2006இல்தான் இப்போதைய பெயரைப் பெற்றது. விண்டோஸில் நிறுவும்போது என்பிகேப் என்ற துணை மென்பொருளையும் நிறுவவா என்று கேட்கும், சம்மதியுங்கள். லினக்ஸில் உங்கள் பயனர் பெயரை வயர்ஷார்க் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால்தான் இன்டர்ஃபேஸ்களின் பட்டியல் தெரியும். அலுவலகக் கணினியில் அனுமதி பெறாமல் இதை நிறுவவே கூடாது. பிறருடைய பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்ப்பது முறையுமன்று, வேலைக்கும் உலை வைத்துவிடும்.

அடுத்து, ஒரு கோப்புறையில் சிறிய உரைக்கோப்பு ஒன்றையும் ஐம்பது எம்பி அளவில் ஒரு வீடியோவையும் வைத்து, அந்தக் கோப்புறையிலிருந்தே பைத்தானோடு கூடவே வரும் ஹெச்டிடிபி சர்வரை இயக்குங்கள். வேறெதுவும் குறிப்பிடாவிட்டால் அது 8000 எண் போர்ட்டில் காத்திருக்கும். கைபேசியை அதே வைஃபையில் இணைத்து, ப்ரவுசரில் மடிக்கணினியின் ஐபி முகவரியையும் முக்காற்புள்ளியையும் 8000த்தையும் தட்டினால் கோப்புகளின் பட்டியல் வரும். பெருங்குடி, சோழிங்கநல்லூர்ப் பக்கம் பிஜி விடுதிகளில் தங்கியிருப்போர் கவனிக்க: ஒரு சாதனம் இன்னொன்றோடு நேரடியாகப் பேசுவதை விடுதி வைஃபை தடுத்திருக்கக்கூடும். அப்படியானால் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, மடிக்கணினியை அதில் இணைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய இணையதளம் ஒன்றைத் திறந்து பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அங்கே எல்லாம் மறையாக்கப்பட்டிருக்கும். அதோடு, பின்னால் பார்க்கப்போவது போல, அது டிசிபியே இல்லாமலும் இருக்கலாம். சொந்த சர்வரில் எல்லாம் வெளிப்படை.

வயர்ஷார்க்கில் வைஃபை இன்டர்ஃபேஸைத் தேர்ந்து பதிவைத் தொடங்கியதும் பாக்கெட்டுகள் கொட்டும். மேலே உள்ள வடிகட்டிப் பெட்டியில் சிறிய ஆங்கில எழுத்துகளில் டிசிபி, ஒரு புள்ளி, போர்ட் என்று தட்டி, இரண்டு சமக்குறிகள் இட்டு 8000 என்று எழுதினால் நமக்கு வேண்டியவை மட்டும் நிற்கும்.

போர்ட் எண்ணைப் படித்தல்

ஏதாவது ஒரு வரியைத் தொட்டு, கீழே விரியும் பகுதியில் போர்ட் எண்களைப் பாருங்கள். மடிக்கணினிப் பக்கம் 8000 இருக்கும். கைபேசிப் பக்கம் ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கும். ஐபி முகவரி பாக்கெட்டைக் கணினி வரை கொண்டுவந்து சேர்க்கிறது. அக்கணினியில் ஓடும் எத்தனையோ நிரல்களில் எதனிடம் அதைக் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பது போர்ட் எண். அது 16 பிட் எண் என்பதால் 65535 வரை போகும். 1023 வரையுள்ளவை வலைத்தளத்துக்கு 80, மறையாக்கப்பட்ட தளத்துக்கு 443, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்கு 22, தளப் பெயருக்கு ஐபி முகவரி தேடித்தரும் டிஎன்எஸ்சுக்கு 53 என்று பெயர்பெற்ற சேவைகளுக்கானவை. கைபேசி எடுத்துக்கொண்ட எண் தற்காலிகமானது. பக்கத்தைப் புதிதாகத் திறந்தால் எண்ணும் மாறும். இரு ஐபி முகவரிகள், இரு போர்ட்டுகள் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு டிசிபி இணைப்பின் அடையாளம். நான்கில் ஒன்று மாறினாலும் அது வேறு இணைப்பு. பின்னால் க்விக்கைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

மூன்று பாக்கெட்டுகள்

பட்டியலின் தொடக்கத்தில் சின், சின்-அக், அக் என்று மூன்று வரிகள் இருக்கும். கைபேசி பேச விரும்புவதைச் சின் சொல்கிறது. மடிக்கணினி அதை ஏற்றுத் தன் பங்குக்கும் ஒரு சின்னைச் சேர்த்து அனுப்புகிறது. கைபேசி அதையும் பெற்றுக்கொண்டதாக அக்கில் சொல்கிறது. ப்ரவுசர் ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளைத் திறந்திருந்தால் இந்த மூன்றும் இரண்டு தடவை வரும். குழம்ப வேண்டாம், போர்ட் எண்ணை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

இந்த ஹேண்ட்ஷேக்கின் உண்மையான வேலை, இரு தரப்பும் தத்தம் பைட்டுகளை எண்ணப் பயன்படுத்தும் சீக்வென்ஸ் எண் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை மற்றவருக்கு அறிவிப்பது. வயர்ஷார்க் அதைப் பூஜ்யம் என்று காட்டும். அது நம் வசதிக்காகச் செய்யும் கழித்தல். உண்மையில் அது எளிதில் ஊகிக்க முடியாத 32 பிட் எண். பழைய இணைப்பின் எஞ்சிய பாக்கெட் புதிய இணைப்பில் கலந்துவிடக் கூடாது, வெளியாள் ஒருவர் எண்ணைக் கணித்துப் போலிப் பாக்கெட்டை நுழைத்துவிடவும் கூடாது என்பதே காரணம். சின் பாக்கெட்டை இன்னும் விரித்தால் ஒரு துண்டில் அதிகபட்சம் எத்தனை பைட் தகவல் போகலாம் என்பதைக் குறிக்கும் எம்எஸ்எஸ் என்ற இடத்தில் பெரும்பாலும் 1460 என்றிருக்கும். ஈத்தர்நெட்டின் 1500 பைட்டில் ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 கழித்தால் மிஞ்சுவது அதுதான்.

இப்போது மடிக்கணினியில் சர்வரை நிறுத்திவிட்டுக் கைபேசியில் பக்கத்தைப் புதுப்பியுங்கள். லினக்ஸ் கணினியாக இருந்தால் சின் வந்த மறுகணமே ரீசெட் என்ற சிவப்பு வரி திரும்பிப் போகும். ப்ரவுசரும் உடனே இணைப்பு மறுக்கப்பட்டதாகச் சொல்லும். கணினி உயிரோடிருக்கிறது, வழியும் திறந்திருக்கிறது, அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்பதே இதன் பொருள். அடுத்து ஃபயர்வாலில் 8000 போர்ட்டைத் தடுத்துவிட்டு முயலுங்கள். சின் வரும், பதில் போகாது; சற்றுப் பொறுத்து அதே சின் மறுபடி வரும், பிறகு இன்னும் நீண்ட இடைவெளியில் மறுபடி வரும். முதல் இடைவெளி வழக்கமாக ஒரு நொடி. பல அமைப்புகளில் அது 2, 4 என்று இரட்டிக்கும், சில புதிய அமைப்புகள் சில தடவை ஒரே இடைவெளியில் தட்டிப் பார்த்த பிறகே இரட்டிக்கத் தொடங்கும். விண்டோஸில் ஃபயர்வால் ஓடும்போது, சர்வர் நின்றிருந்தாலும் ரீசெட் அனுப்பாமல் மௌனமாக இருக்கும் வழக்கம் உண்டு. ஆகவே முதல் சோதனையே அங்கே இரண்டாவதைப் போலத் தோன்றலாம். அலுவலகத்தில் ரீசெட் வந்தால் சர்வரைப் பார்ப்பவரிடமும், மௌனம் நிலவினால் ஃபயர்வாலையும் வழியையும் பார்ப்பவரிடமும் முதலில் போகலாம்.

எண்ணி அனுப்புதலும் தொலைந்ததை மீட்டலும்

சர்வரை மீண்டும் இயக்கி உரைக்கோப்பைத் திறந்து, ஏதாவது ஒரு வரியின்மேல் வலது சொடுக்கு செய்து ஃபாலோ, டிசிபி ஸ்ட்ரீம் என்று போனால் இருவரும் பேசிக்கொண்டது முழுதும் உரையாகத் தெரியும். அதை மூடிவிட்டுப் பட்டியலுக்கு வாருங்கள். கைபேசி அனுப்பிய கோரிக்கை 400 பைட் நீளம் என்றால், சீக்வென்ஸ் எண் 1இல் தொடங்கிய அதற்கு மடிக்கணினி தரும் அக் எண் 401 ஆக இருக்கும். அடுத்து எனக்கு வேண்டியது 401ஆவது பைட் என்று அதற்குப் பொருள். டிசிபி பாக்கெட்டுகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. அதனால்தான் நிரல் இரண்டு தடவையாக எழுதியது மறுமுனையில் ஒரே துண்டாகவும், ஒரு தடவை எழுதியது மூன்று துண்டாகவும் வந்து சேரலாம். சாக்கெட் நிரல் எழுதத் தொடங்குவோர் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. செய்தியின் எல்லையை நீங்களேதான் குறித்து அனுப்ப வேண்டும்.

வீடியோவை இறக்கும்போது, மடிக்கணினியிலிருந்து கிளம்பும் சில பாக்கெட்டுகள் 1460 பைட்டுக்கு மிகப் பெரியவையாகத் தெரியும். எம்எஸ்எஸ் மீறப்படவில்லை. பெரிய துண்டாக அட்டையிடம் கொடுத்து, சிறியதாக வெட்டும் வேலையை நெட்வொர்க் அட்டையே செய்துகொள்ள விடுவது இன்றைய வழக்கம்; வயர்ஷார்க் பார்ப்பது வெட்டுவதற்கு முந்தைய நிலையை.

பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைபேசியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கோ இரண்டு சுவர்களுக்கு அப்பாலோ செல்லுங்கள். கறுப்புப் பின்னணியில் டூப்ளிகேட் அக், ரீட்ரான்ஸ்மிஷன் என்ற வரிகள் தோன்றக்கூடும். நடுவில் ஒரு துண்டு வராமல் அதற்கு அடுத்தவை வந்தால், பெறுபவர் ஒவ்வொன்றுக்கும் பழைய அக் எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்வார். அப்படி மூன்று டூப்ளிகேட் அக் வந்தால், அனுப்புபவர் காலக்கெடு முடியும்வரை காத்திராமல் விடுபட்டதை உடனே அனுப்பிவிடுவார். கடைசித் துண்டே தொலைந்துபோனால் அதற்குப் பின்னால் வந்து காட்டிக்கொடுக்க எதுவுமில்லை. காலக்கெடுவை நம்பித்தான் இருக்க வேண்டும். அக்காலக்கெடுவும் நிலையான எண்ணன்று. இதுவரை சென்று திரும்பிய நேரங்களின் சராசரியையும் அவற்றின் ஏற்ற இறக்கத்தையும் வைத்துக் கணிக்கப்படுவது. கறுப்பு வரிகள் அதிகம் வராவிட்டாலும் வியப்பில்லை: வைஃபை தன் மட்டத்திலேயே தொலைந்ததை மீண்டும் அனுப்பிவிடுவதால், டிசிபிக்கு அது இழப்பாகத் தெரியாமல் தாமதமாகவே தெரியும்.

இரண்டு கட்டுப்பாடுகள்

ஒவ்வொரு அக்கிலும் விண்டோ என்று ஒரு எண் இருக்கும். என்னிடம் இன்னும் இத்தனை பைட்டுக்குத்தான் இடம் இருக்கிறது என்று பெறுபவர் சொல்வது அது. பெறும் செயலி படிப்பதை நிறுத்திவிட்டால் அந்த எண் சுருங்கிச் சுருங்கிப் பூஜ்யமாகும். வயர்ஷார்க்கும் ஜீரோ விண்டோ என்று காட்டும். இது ஃப்ளோ கன்ட்ரோல். பெறுபவருக்கு இடம் தாராளமாக இருந்தும் நடுவழி நெரிசலாக இருக்கலாம். அதற்கானது கன்ஜெஷன் கன்ட்ரோல். கோடையில் தண்ணீர் லாரி வரவழைத்தவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லத் தேவையில்லை: சம்ப்பில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, தெருவில் லாரி நுழைய முடியுமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கான பதிலைப் பெறுபவர் சொல்லிவிடுகிறார். இரண்டாவதற்கான பதிலைச் சொல்லப் பெரும்பாலும் யாருமில்லை; அனுப்புபவரே ஊகிக்க வேண்டும்.

இந்த ஊகம் தொடக்கத்தில் டிசிபியில் இல்லை. டிசிபியின் வரையறை ஆர்எஃப்சி 793 என்ற இணையத் தர ஆவணமாக 1981இல் வெளிவந்தது. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று அதற்கு மாறியது. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜத் தொலைவில், வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. இழப்பு ஏற்பட, எல்லாரும் மீண்டும் அனுப்ப, அதனாலேயே நெரிசல் மேலும் கூட, பயனுள்ள தகவல் ஏறக்குறைய எதுவுமே போகவில்லை. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரையின் தீர்வு எளிமையானது: பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அடையாளமாகக் கொண்டு வேகத்தைக் குறை, தொலையாதவரை மெல்ல மெல்லக் கூட்டு. நடுவிலுள்ள ரவுட்டர் எதையும் மாற்றாமல், இரு முனைகளிலும் இருந்த மென்பொருளை மட்டும் மாற்றியே இணையம் மீட்கப்பட்டது என்பதை நெட்வொர்க் வரலாற்றின் மிகச் சிறந்த பொறியியல் முடிவாக நான் கருதுகிறேன். லினக்ஸில் 2006 முதல் இயல்பாக இருக்கும் கியூபிக் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை, அதே மரபின் வழிவந்தது. கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆர் இழப்பை முதன்மை அடையாளமாகக் கொள்ளாமல், வேகத்தையும் தாமதத்தையும் அளந்து முடிவெடுக்கிறது.

இதன் நடைமுறை விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று புதிய இணைப்பு முதலில் 10 துண்டுகளை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்; பதில் வர வர ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கும். பத்து லட்சம் பைட் கோப்புக்கு 1460 பைட் துண்டுகள் 685 வேண்டும். 10, 20, 40, 80, 160, 320 என்று ஆறு சுற்றுகளில் 630 துண்டுகள்தான் போயிருக்கும். ஏழாவது சுற்றும் தேவை. ஹேண்ட்ஷேக்குக்கு ஒன்று, டிஎல்எஸ் 1.3 மறையாக்கத்துக்கு ஒன்று என்று சேர்த்தால் ஒன்பது சுற்றுகள். 2002இல் செயல்பாட்டுக்கு வந்த ஐ2ஐ கடலடிக் கேபிள் சென்னையையும் சிங்கப்பூரையும் சுமார் 3,200 கி.மீ. நீளத்தில் இணைக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கி.மீ. செல்வதால் போய்வர 32 மில்லி நொடி; ஒன்பது சுற்றுக்கு 0.3 நொடிக்குச் சற்றுக் குறைவு. சர்வர் அமெரிக்காவில் இருந்து, போய்வர 250 மில்லி நொடி ஆகிறது என்றால் அதே கோப்புக்கு 2.25 நொடி. வீட்டு இணைப்பை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300க்கு உயர்த்தினாலும் இந்த 2.25 நொடியில் பெரிய மாற்றம் இராது. சிறிய கோப்புகளின் வேகத்தைத் தூரமே தீர்மானிக்கிறது. சர்வரை அருகில் கொண்டுவருவது, திறந்த இணைப்பை மூடாமல் மீண்டும் பயன்படுத்துவது ஆகிய இரண்டும்தான் இங்கே பலன் தரும்.

முடித்துக்கொள்ளுதல்

நீங்கள் இயக்கிய பைத்தான் சர்வர் பழைய முறையில் ஒவ்வொரு கோப்புக்குப் பிறகும் இணைப்பை மூடுவதால் இணைப்பை மூடுவதாகச் சொல்லும் ஃபின் வரிகளை உடனே பார்க்கலாம். இரு திசைகளும் தனித்தனியே மூடப்படும். முதலில் மூடியவரின் பக்கத்தில் இணைப்பு டைம்-வெயிட் நிலையில் சற்று நேரம் தங்கும். லினக்ஸில் அது 60 நொடி. சொந்தமாக எழுதிய சர்வரை நிறுத்தி உடனே மீண்டும் இயக்கும்போது முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற பிழை வருவது பெரும்பாலும் இதனால்தான். சாக்கெட்டில் முகவரி மறுபயன்பாட்டு விருப்பத்தை இயக்கினால் தீரும்.

யுடிபியும் க்விக்கும்

வடிகட்டியை மாற்றி யுடிபி என்று மட்டும் தட்டிவிட்டு, கட்டளைச் சாளரத்தில் என்எஸ்லுக்கப் மூலம் ஏதாவது ஒரு தளத்தின் பெயரைத் தேடுங்கள். ஒரு கேள்வி, ஒரு பதில். ஹேண்ட்ஷேக் இல்லை, அக் இல்லை, ஃபின் இல்லை. 1980இல் ஆர்எஃப்சி 768 ஆக வெளிவந்த யுடிபியின் தலைப்பு மொத்தமே எட்டு பைட்: இரு போர்ட்டுகள், நீளம், பிழை கண்டறிய உதவும் செக்சம். தொலைந்தால் என்ன செய்வது என்பது செயலியின் பொறுப்பு. குரல் அழைப்பில் ஒரு பாக்கெட் வழக்கமாக 20 மில்லி நொடி ஒலியைச் சுமக்கும். அது தொலைந்தால், மீட்டு வரும்போது அந்தக் கணம் கடந்துபோயிருக்கும் என்பதால் விட்டுவிடுவதே மேல். ஆனால் வேகம் வேண்டும் என்பதற்காகக் கோப்புப் பரிமாற்றத்தை யுடிபியில் எழுதப் புறப்படும் புதியவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மீட்பும் நெரிசல் கட்டுப்பாடும் எழுதி முடிக்கும்போது அரைகுறை டிசிபி ஒன்றைத்தான் எழுதியிருப்பீர்கள்.

அதை முழுமையாக எழுதிய முயற்சிதான் க்விக். கூகுளில் தொடங்கி, ஆர்எஃப்சி 9000 ஆக 2021இல் தரப்படுத்தப்பட்டது. ஹெச்டிடிபி 3 அதன்மேல் ஓடுகிறது. குரோமில் யூடியூபைத் திறந்துகொண்டு வயர்ஷார்க்கில் க்விக் என்று வடிகட்டினால், பெரும்பாலும் 443 போர்ட்டுக்குப் போகும் யுடிபி பாக்கெட்டுகளாக அது தெரியும். புதிய நெறிமுறையைத் தனியாக அறிமுகப்படுத்தாமல் யுடிபிக்குள் வைத்ததற்குக் காரணம், நடுவழியிலுள்ள ஃபயர்வால்களும், ஐபி முகவரியை மாற்றி அனுப்பும் நேட் சாதனங்களும் டிசிபி, யுடிபி தவிர மற்றவற்றைப் பெரும்பாலும் மதிப்பதில்லை என்பதே. 2000இல் வந்த எஸ்சிடிபி என்ற போக்குவரத்து நெறிமுறை, தொலைபேசி நிறுவனங்களின் உள்வலைக்கு வெளியே பரவாமல் போனதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். க்விக்கில் ஹேண்ட்ஷேக்கும் மறையாக்கமும் ஒரே சுற்றில் முடிகின்றன. ஒரு படம் தொலைந்தால் அடுத்த படம் அதற்காகக் காத்திருப்பதில்லை. வீட்டு வைஃபையிலிருந்து தெருவுக்கு வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது ஐபி முகவரி மாறுவதால் டிசிபி இணைப்பு அறுந்துபோகும். க்விக் அந்த நான்கு எண்களை நம்பாமல் தனக்கென ஓர் இணைப்பு அடையாளத்தை வைத்திருப்பதால், இரு முனைகளும் அந்த வசதியை ஆதரித்தால், முகவரி மாறிய பின்னும் தொடர முடியும்.

மெதுவாக இருக்கிறது என்ற புகார் வந்தால்

அலுவலகத்தில் உங்களிடம் வந்து சேரும் புகார்களில் பல இந்த ஒரே வாக்கியமாகத்தான் இருக்கும். முதலில் சின்னுக்கும் சின்-அக்குக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பாருங்கள்; தூரமும் வழியும் சேர்ந்த தாமதம் அதுவே. பிறகு கறுப்பு வரிகள் கூட்டமாக இருக்கின்றனவா, விண்டோ பூஜ்யத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். மதிய உணவுக்குப் போய்த் திரும்பியதும் எஸ்எஸ்எச் திரை உறைந்து கிடக்கிறது என்றால், சும்மா கிடந்த இணைப்பை நடுவிலுள்ள நேட் சாதனமோ ஃபயர்வாலோ மறந்துவிட்டிருக்கும். எஸ்எஸ்எச் அமைப்பில் சர்வர் அலைவ் இன்டர்வலை 60 என்று வைத்தால் இணைப்பு விழித்திருக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால், கோரிக்கை போன இடத்துக்கு வாருங்கள். அதற்கு அக் உடனே வந்துவிட்டது, ஆனால் முதல் தகவல் பாக்கெட் மூன்று நொடி கழித்துத்தான் வந்தது என்றால் நெட்வொர்க் தன் வேலையை முடித்துவிட்டது. காலத்தை எடுத்துக்கொண்டது சர்வருக்குள் ஓடும் செயலியோ அதன் டேட்டாபேஸோதான். அந்த இணைப்பின் பாக்கெட்டுகளை மட்டும் தனிக்கோப்பாகச் சேமித்து, இடைவெளி தொடங்கும் வரியின் எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். முழுப் பதிவையும் அப்படியே அனுப்பினால் கடவுச்சொற்களும் குக்கிகளும் கூடவே போய்விடக்கூடும் என்பதால், அனுப்புவதற்கு முன் கோப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.